எறும்பு மொய்த்த ஸ்பிரிட்

அத்தியாயம் 6

கோலப்பனின் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து வாயையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள் கௌசல்யா. அவளுடைய உதவியாளன் ஜெபசிங் செருப்பை மட்டும் கழற்றினான்.

"மேடம், இந்த வீட்டில காலிங் பெல்கூட அழுதுட்டுதான் அடிக்குது."

"ஜெபா."

"நிறுத்திட்டேன்."

மணக்காட்டில் சந்துக்குள் சந்தாகப் போய்ச் சேர வேண்டிய ஓட்டு வீடு. மழை விட்டும் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. பழவங்காடி கோயில் முன்னால், பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்றுக்கொண்டிருந்த கோலப்பன் போன வாரம் வரை இங்கேதான் இருந்தார். இப்போது சுவரில் மாலை போட்ட படமாக இருந்தார்.

வெகுகாலச் சர்க்கரை நோயாளி. பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது. அதனால்தான் தைக்காட்டிலிருந்த ஒரு தனியார் கிளினிக் புதிதாக ஆரம்பித்த ஏற்பாடு அவருக்கு வரமாகத் தோன்றியது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மெஷினை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். விரலைக் குத்தி ஒரு துளி ரத்தம் வைத்தால் எண் வரும். அதை போனில் சொன்னால், நர்ஸ் டாக்டரிடம் கேட்டு அன்றைக்கு எவ்வளவு இன்சுலின் என்று சொல்வாள். அலைச்சல் இல்லை, வரிசை இல்லை.

ஒரு சாயங்காலம் நானூற்று முப்பது என்று போன் வந்தது. அதுவரை அந்த மாதிரி எண் வந்ததே இல்லை. அன்று மதியம் கோலப்பன் ஒரு கல்யாணத்தில் பாயசத்தோடு சாப்பிட்டிருந்தார் என்பதால் டாக்டர் அதிகம் யோசிக்கவில்லை. இன்றைக்குக் கூடுதல் இன்சுலின், நாளைக் காலையில் நேரில் வரட்டும் என்றார். நர்ஸ் ஷெமி அதை அப்படியே போனில் சொன்னாள்.

காலையில் கோலப்பன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் சர்க்கரை இல்லவே இல்லாத அளவுக்கு இறங்கிப்போய் உயிர் பிரிந்திருக்கிறது என்றார்கள். நர்ஸ் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று மருமகன் வன்னியராஜ் போலீஸில் புகார் கொடுத்தான். கிளினிக் ஷெமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்தது கைதுதான்.

ஷெமி, வக்கீல் தொழிலை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த கௌசல்யாவைத் தேடி வந்தபோது அழவில்லை. மலையாளம் கலந்த தமிழில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு என்னை விளிச்சது அவரோட மகள், பூமாரி சேச்சி. எனக்கு அந்த சப்தம் நல்லா அறியும் மேடம். இப்போ விளிக்கவே இல்லைன்னு போலீஸ்ல சொல்லியிருக்காங்க. எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் வந்திருந்தார்கள்.

கோலப்பனின் மனைவி நாச்சியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்றவளைக் கௌசல்யா தடுத்து, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"பூமாரியைப் பார்க்கணும்மா."

"அவ இல்லியே மோளே. கொஞ்சம் முன்னதான் பஸ்ஸில மாப்பிள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு."

"எங்கே?"

"மலைக்கு. போனக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில அவரு கம்பவுண்டர். வித்துரா போயி வேற பஸ்ஸு மாறணும்."

ஜெபசிங்கும் கௌசல்யாவும் பார்வையைப் பரிமாறிக்கொண்டார்கள். பதினாறுகூட முடியாத வீடு.

"பூமாரி உங்ககூடவே இருந்தான்னு கேள்விப்பட்டேனே?"

நாச்சியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன வருசம் கையொடிஞ்சு வந்தா. வழுக்கி விழுந்தேன்னா. அவங்கப்பா ஒடிஞ்ச கையைத் தடவிப் பாத்துட்டு, இது விழுந்த கையில்லன்னாரு. என் மூச்சிருக்க வரை இவளை அந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன்னு நாலு பேரு முன்னால சொன்னாரு. இப்ப அந்த மூச்சு இல்லியே."

"வன்னியராஜ் அதுக்கப்புறம் வரவே இல்லையா?"

"வந்தாரு. காலைப் பிடிச்சாரு. திருந்திட்டேன்னாரு. லீவு கிட்டினா இங்கதான். மாமாவுக்கு ரத்தம் குத்திப் பாக்கிறது, போன் பண்றது, ஊசி போடறது எல்லாம் அவருதான். அவரு இல்லாத நாளிலதான் பூமாரி போன் பண்ணுவா, நான் ஊசி போடுவேன். மகன் இல்லாத குறையை மாத்திட்டாருன்னு நான்கூட..."

"அந்த சாயங்காலமும் அவர்தான் பார்த்தாரா?"

"இல்ல. மாமாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கொண்டு விட்டுட்டு உடனே மலைக்குப் போயிட்டாரு. டூட்டி. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். பூமாரி மட்டும்தான் வீட்டில. ஆனா அவ, நான் தொடவே இல்ல, அப்பாவே பாத்துக்கிட்டாருன்னு சொல்லுதா."

ஜெபசிங்குக்கு அதற்கு மேல் வாயைக் கட்ட முடியவில்லை. "ஏம்மா, முன்னால நிக்கிற ஆளே தெரியாதவருக்கு மெஷின்ல இருக்கிற நம்பர் எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியை நாச்சியார் தனக்குத்தானே பலமுறை கேட்டு, பயந்து, விட்டுவிட்டவள் போல இருந்தாள்.

"அந்த மெஷின் எங்கேம்மா?" என்றாள் கௌசல்யா.

நாச்சியார் இடுப்பிலிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். "மாப்பிள்ள ரெண்டு தடவ கேட்டாரு. கிளினிக்ல திருப்பிக் குடுக்கணும்னு. அவரு கை பட்ட சாதனமில்லியா? பதினாறு கழியட்டும்னு நான் குடுக்கல."

கௌசல்யா டின்னைத் திறந்தாள். மெஷின், ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் டப்பா, ஊசி, பஞ்சு. மூலையில் 'சர்ஜிக்கல் ஸ்பிரிட்' என்று லேபிள் ஒட்டிய சின்ன பாட்டில்.

பாட்டிலின் கழுத்தைச் சுற்றி எறும்பு. மூடியின் இடுக்கில் எறும்பு. ஈரம் காய்ந்த பழைய பஞ்சுத் துண்டின் மேல், பஞ்சே தெரியாதபடி எறும்பு. மெஷின் மேல் ஒன்றுகூட இல்லை.

"அது சரி," என்றான் ஜெபசிங். "மார்த்தாண்டத்தில எங்க சித்தப்பா ஒருத்தர்தான் ஸ்பிரிட்டைக்கூட விடமாட்டார்னு நெனச்சிட்டிருந்தேன். எறும்பும் குடிக்க ஆரம்பிச்சிடுச்சா?"

கௌசல்யா திரும்பி அவனைப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

"சித்தப்பாவைப் பத்தியா?"

"எறும்பைப் பத்தி."

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஸ்பிரிட் வாடை இருந்தது, ஆனால் தண்ணீர் கலந்த வாடை. ஒரு சொட்டை விரலில் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். ஸ்பிரிட் பட்ட விரல் ஜில்லென்று காய்ந்துவிட வேண்டும். இது காய்ந்ததும் பிசுபிசுத்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தபோது இரண்டு விரல்களும் ஒட்டிப் பிரிந்தன.

"இந்த பாட்டில் யார் வாங்கினதும்மா?"

"வாங்கினதில்ல. டிஸ்பென்சரியில இருந்து மாப்பிள்ளதான் கொண்டு வந்தாரு."

கௌசல்யா பாதியை வேறொரு சுத்தமான பாட்டிலில் ஊற்றி நாச்சியாரின் கையிலேயே கொடுத்தாள். "இதை உள்ளே வெச்சுப் பூட்டுங்க. போலீஸைத் தவிர யார் கேட்டாலும் குடுக்காதீங்க. உங்க மருமகன் கேட்டாலும்."

நாச்சியார் பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரியப் புரிய அவள் முகம் மாறியதைப் பார்க்கக் கௌசல்யா நிற்கவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.

ஜெபசிங் நெடுமங்காடு தாண்டிக் காரை விரட்டிக்கொண்டிருந்தான். மழையில் வைப்பர் சரியாக ஓடவில்லை.

"மேடம், எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். விரல்ல சர்க்கரைத் தண்ணி. துடைச்சது காஞ்சதும் சர்க்கரை விரல்லயே தங்கிடும். ரத்தம் அதோட கலந்து மெஷினுக்குப் போகும். மெஷின் ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி நானூத்தி முப்பதுன்னு சொல்லும்."

"சரி."

"டாக்டர் நானூத்தி முப்பதுக்கு மருந்து சொல்வார். உடம்பில இருந்தது நூத்தி ஐம்பதோ என்னவோ. இருந்ததையும் மருந்து உறிஞ்சிடுச்சு."

"அதுவும் சரி."

"ஆனா ஆள் அன்னிக்கு ஊர்லயே இல்லையே. மதியமே மலை ஏறிட்டாரு. ஆயிரம் பேர் சாட்சி சொல்வாங்க."

"இத்தனை நாள் அவன் ஒழுங்கா விரலைச் சுத்தம் பண்ணிச் சரியான நம்பரைச் சொல்லி எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கினான். நம்பர் கூடினாலும் யாரும் சந்தேகப்படாத மாதிரி ஒரு கல்யாணச் சாப்பாட்டு நாளுக்காகக் காத்திருந்தான். அன்னிக்கு இந்த பாட்டிலை டின்ல வெச்சுட்டுக் கிளம்பிட்டான். கொலை பண்ண அவன் பக்கத்தில இருக்கணும்னு அவசியமே இல்ல."

கௌசல்யா மொபைலை எடுத்தாள். முதலில் வித்துரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினாள். பிறகு ஷெமிக்கு.

"ஷெமி, மெஷின் கொடுக்கும்போது விரலை எப்படிச் சுத்தம் பண்ணச் சொல்லிக் கொடுப்பீங்க?"

"சோப்பு போட்டுக் கை கழுவணும் மேடம். நல்லா துடைக்கணும். அவ்வளவு போதும்."

"ஸ்பிரிட்?"

"வேண்டாம்னுதான் எல்லார்கிட்டயும் பறயும். அவர் வீட்டிலயும் நான்தான் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். பூமாரி சேச்சி என் முன்னால சோப்பு போட்டு அப்பா கையைக் கழுவிக் காட்டினாங்களே."

கௌசல்யா போனை மடியில் வைத்துக்கொண்டாள். "யாரோ சொல்லித்தான் பூமாரி சோப்பை விட்டிருக்கா. கொஞ்சம் வேகமாப் போ ஜெபா."

வித்துரா பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ் இன்னும் வரவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில், சலவைச் சட்டையில் வன்னியராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பை ஒன்றை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பூமாரி. அவள் முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

கௌசல்யா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவன் மரியாதையாக எழுந்தான்.

"உக்காருங்க மேடம். ஆனா எங்களுக்குப் பேச ஒண்ணுமில்ல. கேஸ் போலீஸ் கையில இருக்கு. அந்த நர்ஸ் பிள்ளை மேல எனக்கு விரோதமில்ல. அறிவுகேடு. அதுக்கு ஒரு உயிர் போச்சு."

"பூமாரி, அன்னிக்கு கிளினிக்குக்கு போன் பண்ணது நீதானே?"

"அவ பண்ணல," என்றான் வன்னியராஜ்.

பூமாரி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உங்களைக் கேக்கல."

"அவளைக் கேட்டாலும் அதான் சொல்லுவா. என்ன பூமாரி?"

அவள் தலை மெல்ல அசைந்தது. அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. ஜெபசிங் டின்னைக் கொண்டு வந்து பெஞ்சில் வைத்தான். வன்னியராஜின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"இது எப்படி உங்க கையில?"

"உங்க மாமியார் குடுத்தாங்க," என்றான் ஜெபசிங். "நீங்க ரெண்டு தடவை கேட்டுக் கிடைக்காதது எனக்கு ஒரே தடவையில கிடைச்சது. முகராசி."

கௌசல்யா பூமாரியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நீ எதுவும் சொல்ல வேண்டாம். உன் விரலை மட்டும் குடு."

பூமாரி ஏனென்று கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் அவளிடமிருந்து போய் வெகுநாள் ஆகியிருக்கும். கையை நீட்டினாள். மணிக்கட்டில் எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது.

"எதுக்கு இந்த வித்தையெல்லாம்? பஸ் வரப்போகுது," என்று வன்னியராஜ் எழுந்தான். டீக்கடைக்காரரும், பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலைந்து தோட்டத் தொழிலாளிகளும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் தடுக்கவும் அவனால் முடியவில்லை.

கௌசல்யா பஞ்சை அந்த பாட்டிலில் நனைத்து பூமாரியின் நடுவிரலைத் துடைத்தாள். காயவிட்டுக் குத்தினாள். துளி ஸ்ட்ரிப்பில் ஏறியது. சற்றுப் பொறுத்து எண் வந்தது. முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பூமாரி எண்ணைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகப் பேசினாள். "எனக்கும் வந்திருச்சா அக்கா?"

"எழுந்திரு. அந்தக் குழாயில சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டு வா."

டீக்கடைக்காரர் சோப்பை எடுத்துக் கொடுத்தார். பூமாரி கழுவிக்கொண்டு வந்தாள். கௌசல்யா தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அதே விரல். வேறு ஸ்ட்ரிப். அதே மெஷின்.

தொண்ணூற்றாறு.

பூமாரி அந்த எண்ணையும், பாட்டிலையும், ஈரமான தன் விரலையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மலையில இருந்து போன் பண்ணினீங்க."

"பூமாரி, பஸ் வருது."

"அப்பாவுக்கு விரல்ல புண்ணு வருது, இனிமே சோப்பு போடாதே, டின்ல புதுசா ஸ்பிரிட்டு வெச்சிருக்கேன், அதுல மட்டும் தொடைன்னு சொன்னீங்க. நான் அப்படியே தொடச்சேன். அந்தப் பிள்ளைக்கு போன் பண்ணேன். அது சொன்ன அளவுக்கு நான்தான் ஊசி போட்டேன்."

"மெஷின் கேடு. கேடான மெஷினை வெச்சு—"

"மறுநாள் வந்து அப்பாவைக் கட்டிப்பிடிச்சு அழுதீங்க. அப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டு, நீதான் கொன்னுட்டேன்னு சொன்னீங்க. ஊசி போட்டது நீ, வெளிய தெரிஞ்சா உனக்கு ஜெயிலு, என்கூட வந்து ஒழுங்கா இருந்தா நான் வாயைத் திறக்கமாட்டேன்னு சொன்னீங்க. அந்த நர்ஸ் பிள்ளை போனாப் போகட்டும்னு சொன்னீங்க."

அவள் குரல் ஏறவே இல்லை.

வன்னியராஜ் பாட்டிலின் மேல் பாய்ந்தான். ஜெபசிங் முந்திக்கொண்டான். கண்ணாடி கிளாஸ் ஒன்று உடைந்து அவன் முன்கை கிழிந்தது. பாட்டிலை மட்டும் விடவில்லை.

"அண்ணாச்சி, மிச்சம் பாதி உங்க மாமியார்கிட்ட பூட்டி இருக்கு. இதைக் குடிச்சாலும் பிரயோஜனமில்ல."

வன்னியராஜ் ரோட்டை நோக்கித் திரும்பினான். போலீஸ் ஜீப் அப்போதுதான் டீக்கடை ஓரம் வந்து நின்றது. பெஞ்சிலிருந்த தொழிலாளிகளும் எழுந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர், அவன் டிஸ்பென்சரியில் இத்தனை காலம் ஊசி போட்டுக்கொண்டவராக இருக்க வேண்டும், தன் கையை ஒரு மாதிரித் தடவிக்கொண்டார்.

மலை பஸ் வந்தது. இரண்டு பேரை விட்டுவிட்டுப் போனது.

ஸ்டேஷனில் பூமாரி சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். ஊசி போட்டது தான்தான் என்பதையும் விடாமல் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலை நிமிரவில்லை.

திரும்பும் வழியில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஜெபசிங் கையில் கட்டோடு ஓட்டினான். பின் சீட்டில் பூமாரியும் கௌசல்யாவும்.

"அக்கா, நான் சோப்பு போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாருல்ல?"

கௌசல்யா பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். வக்கீலாக இருந்தபோது இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறாள். இந்தப் பெண்ணிடம் வாய் வரவில்லை.

"இருந்திருப்பார்," என்றாள். "அது தெரிஞ்சதனாலதான் அவன் உன்னை சோப்பு போட விடல."

பூமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் பேரூர்க்கடை வந்ததும் திரும்பினாள்.

"வீட்டுக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைகிட்ட முதல்ல போகணும்."

பேட்டையில் ரயில் பாதையை ஒட்டியிருந்த வீட்டில் ஷெமி கதவைத் திறந்தாள். போனில் எல்லாம் கேட்டிருந்தாள். முகத்தில் நிம்மதி இல்லை. படியில் நனைந்துகொண்டு நின்ற பூமாரியை உள்ளே வரச் சொல்லவும் தோன்றாமல் நின்றாள். ஒருவர் குரலை ஒருவருக்குத் தெரியும். ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருந்தார்கள்.

"நான் சொன்ன நம்பரு பொய்யி," என்றாள் பூமாரி. "அன்னிக்கு எனக்கு அது தெரியாது. ஆனா போலீஸ்ல போன் பண்ணலன்னு சொன்னது தெரிஞ்சே சொன்னேன். உன்னைக் காட்டிக் குடுத்துட்டு நான் தப்பிச்சுக்கப் பாத்தேன்."

ஷெமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அளவு சொன்னது நானும்தானே சேச்சி. ஒரு தடவைகூட, கை கழுவினீங்களான்னு நான் கேக்கலை. ராத்திரியெல்லாம் அதுதான் மனசில."

இருவரும் வாசலில் நின்றார்கள். பின்னால் காரில் ஜெபசிங் ஹெட்லைட்டை அணைத்தான்.

ஷெமி கேட்டாள். "அப்பா கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. உறக்கத்திலதான்." பூமாரி கோணல் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். "அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரும் அம்மாவும்தான் ஊசி போடுவாங்க. நான் போட்டது அன்னிக்குத்தான் முதல் தடவ. அப்பா சொன்னாரு, நீ போட்டா வலிக்கவே இல்ல மக்கா, இனிமே நீயே போடுன்னு."